சும்மா கிடந்த இடம்

அன்புள்ள அமல்,

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், ஷெரின் பெயர், இரண்டு வீட்டுப் பெற்றோர் பெயர்கள், அப்பாவின் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்ற சொல். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று உபதேசியார் வாசித்து முடித்ததும், முன் வரிசைப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கல்யாணத்துக்கு என்னிடம் தடை எதுவும் இல்லை. ஷெரின் எனக்குப் பிடித்த பெண். எனக்குத் தடை இருப்பது நீ செய்கிற தொழில்மீது, அதை நீ பேசுகிற பேச்சின்மீது. அதைப் பங்குத் தந்தையிடம் சொல்லிப் பயனில்லை.

அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டாய். "ஏம்மா, ரெண்டு வார்த்தைக்கு மேல பேசவே மாட்டேங்குற? பத்திரிகை அடிக்கறதுல இருந்து எல்லா வேலையும் ஷெரின் அம்மாவே பாக்கறாங்க. உனக்கு என்மேல என்னதான் கோவம்?" நான் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். நன்றாகப் பேசுவாய், அதற்குத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நீயும் நாலு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டுதானே அந்த வார்த்தையைச் சொன்னாய்.

கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த மாநகராட்சித் திடலை உன் கம்பெனி குத்தகைக்கு எடுத்து, மண்ணை மூடி டர்ஃப் என்கிற பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்து, நாலு பக்கமும் வலை கட்டித் திறப்பு விழா நடத்திய நாள் அது. மேனேஜரின் அம்மா என்று என்னை வெள்ளை உறை போட்ட சோபாவில், கவுன்சிலருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாய். நான் கேட்டதற்கு, அங்கே ஆட வருகிற பிள்ளைகளுக்கு வழக்கம்போல இடம் உண்டு என்று நீ சொல்லியிருந்ததால்தான் வந்தேன். நீ நீலச் சட்டையில் அழகாக இருந்தாய். மேடையேறி, "இது இத்தனை வருஷமா யாருக்கும் உபயோகமில்லாம சும்மா கெடந்த எடம். இதுக்கு நாங்க உயிர் குடுத்திருக்கோம்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வலைக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து ஹவுசிங் போர்டுச் சந்திரா நின்றிருந்தாள். அவள் மகள் நந்தினி நின்றிருந்தாள். நந்தினியின் டீம் பிள்ளைகள் அத்தனை பேரும் வலைக் கண்ணிகளுக்குள் விரலைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நீயும் அவர்களைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டேதான் பேசினாய்.

அமல், பக்கத்து மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சராக இருந்த காலம் முழுக்க, பள்ளிக்கென்று ஒரு கிரவுண்டு இருந்ததில்லை. அந்தத் திடல்தான் எங்கள் கிரவுண்டு. காலையில் அங்கே நடைப்பயிற்சிக்காரர்கள் வருவார்கள். வெயில் ஏறியதும் ஹவுசிங் போர்டுப் பெண்கள் துணி காயப்போடுவார்கள், வடகம் காயவைப்பார்கள். அந்த வீடுகளில் யாராவது இறந்துவிட்டால் ஷாமியானா போடுவதற்கு வேறு இடம் கிடையாது. நாலு மணிக்குமேல் என் பிள்ளைகள் வருவார்கள். ஒரு கோல் போஸ்ட் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். அதற்கேற்ற மாதிரி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஷிப்ட் இருக்கும் நாள்களில் நீயும் பள்ளி விட்டு அங்கேதான் வருவாய். கோல் போஸ்டுக்குப் பின்னால் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். சைக்கிள் ஓட்டக் கற்றது அங்கே. விழுந்து கையை உடைத்துக்கொண்டதும் அங்கே.

பெருவெள்ளம் வந்த ஆண்டு உனக்கு நினைவிருக்கும். ஆற்று வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்து வடிந்த பிறகு, திடல் காய்ந்ததும் மக்கள் முதலில் கொண்டுவந்து பரப்பியது பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைத்தான். திடல் முழுக்கப் புத்தகங்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். நீ அப்போது கல்லூரி மாணவன். முழங்கால்வரை சேற்றோடு நின்று பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாய். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்று அன்று நான் மனதுக்குள் பூரித்துப்போனேன். அந்த இடத்தைத்தான் நீ சும்மா கிடந்த இடம் என்கிறாய்.

குத்தகைச் செய்தி வந்த வாரம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீயும் நானும் சண்டை போட்டோம். நீ சொன்னதை நான் மறைக்கப் போவதில்லை.

"ம்மா, நீயே சொல்லு. கார்ப்பரேஷன் கைல இருந்தப்ப லைட் எரிஞ்சுதா? டாய்லெட்டுக்குக் கதவு இருந்துச்சா? எத்தனை மனு குடுத்திருப்ப?"

"குடுத்தேன். கதவு வேணும்னுதான் குடுத்தேன். எங்கள வெளிய அனுப்புங்கன்னு குடுக்கல."

"யாரும் யாரையும் அனுப்பல. ஆப்ல புக் பண்ணிட்டு யார் வேணாலும் வரலாம்."

"சந்திராவும்?"

"யார் வேணாலும்மா."

அந்த 'யார் வேண்டுமானாலும்' இருக்கிறதே, அதைப் போல ஒரு மோசடியான சொல்லை நான் கேட்டதில்லை. கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம்தான். அந்தத் திடலில் ஒரு மணி நேரம் ஆட நீங்கள் கேட்ட பணம், சந்திரா ஒரு வீட்டில் மாதம் முழுக்கப் பாத்திரம் தேய்த்து வாங்குகிற சம்பளம். கட்டண போர்டு வைத்த அன்று அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "இன்னா டீச்சர் இது, நம்ம கிரவுண்டுக்கு நாம போவ போன்ல டிக்கெட் எடுக்கணுமா?" உன்னிடம்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

விளக்கு எரியவில்லை என்றாய். உண்மை. ஏன் எரியவில்லை என்று நீ கேட்கவே இல்லை. டெலிபோன்ஸில் லைன்மேனாக இருந்த உன் அப்பா வீட்டுக்கு வந்து புலம்பியது உன் காதிலும் விழுந்திருக்கும். முதலில் கேபிள் வருவது நின்றது. பிறகு ஏணி உடைந்தால் வேறு ஏணி வரவில்லை. ஆள் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மந்தைவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் அவர்தான் திட்டு வாங்கினார். "கவர்மெண்டு ஆளுங்கன்னாலே இப்படித்தான்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கடைசியில் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். விருப்பமே இல்லாமல் வீட்டுக்கு வந்தார். வேண்டுமென்றே சாகவிடுவார்கள், பிறகு செத்துவிட்டது பாருங்கள் என்று காட்டுவார்கள், பிறகு உன்னைப் போல ஒருவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உயிர் கொடுக்க வருவான். எங்கள் திடலிலும் இதுதான் நடந்தது. காவலாளி ஓய்வு பெற்ற பிறகு அடுத்த ஆள் வரவே இல்லை.

நீ பிறந்தது அரசு மருத்துவமனையில். படித்தது அரசுக் கல்லூரியில். பரீட்சைக் காலத்தில் நம் வீட்டில் புழுக்கம் தாங்காமல், அதே கோட்டூர்புரத்தில் அரசு கட்டிய பெரிய நூலகத்தில், ஏசியில், கதவு மூடும்வரை உட்கார்ந்து படித்தாய். உன்னை யாரும் ஆப்பில் புக் பண்ணச் சொல்லவில்லை. உன் செருப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து எழுந்துபோய்த்தான் இந்த வேலையில் சேர்ந்தாய். ஏறி வந்த பிறகு ஏணியை எடுத்து வாடகைக்கு விடுகிறாய்.

பெண்கள் மனு கொடுத்து, நானும் கூடப் போய்ச் சத்தம் போட்ட பிறகு, உன் கம்பெனி ஒரு சலுகை தந்தது. வட்டாரப் பிள்ளைகளுக்கு இலவச நேரம். உச்சி வேளையில். யாரும் காசு கொடுத்து ஆட வராத நேரம் அது. சித்திரை வெயில். பிள்ளைகள் அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "டீச்சர், டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன் வருது டீச்சர், பிராக்டிஸ் போச்சுன்னா போச்சு" என்றாள் நந்தினி. பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் பார்த்த பிள்ளைகளிலேயே இடது காலில் அப்படிப் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓடியவள் வேறு யாரும் இல்லை. மண்ணில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவள். வெயிலில் பிளாஸ்டிக் புல் எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆட்ட வேகத்தில் வலி உடனே தெரியவில்லை. நிறுத்திய பிறகு நிற்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கால்களும் கொப்பளித்திருந்தன. நானும் சந்திராவும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருந்து வைத்துக் கட்டும்போது அவள் அழவில்லை. "செலக்‌ஷனுக்கு முன்ன ஆறிடுமா டீச்சர்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

உனக்கு அங்கிருந்தே போன் செய்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். பிறகு ஒரு மெசேஜ் வந்தது: "ஸாரிம்மா. பட் ஷூ இல்லாம உள்ள வரக்கூடாதுன்னு ரூல் போர்டுலயே இருக்கு." நீ கெட்டவன் இல்லை என்று நான் ஆயிரம் பேரிடம் வாதாடியிருப்பேன். அந்த மெசேஜைப் படித்த பிறகு யாரிடமும் வாதாடத் தெம்பில்லை. புண் ஆறவில்லை. செலக்‌ஷன் முடிந்துவிட்டது. நடந்ததைக் காரணமாகக் காட்டி, 'பாதுகாப்புக் கருதி' என்று உன் கம்பெனி அந்த உச்சி வேளையையும் ரத்து செய்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். சனிக்கிழமை சாயங்காலம், ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு ஏதோ போட்டி. கேட் திறந்ததும் அவர்களோடு சேர்ந்து நடந்து நடுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டோம். ஹவுசிங் போர்டுப் பெண்கள், டீம் பிள்ளைகள், நான். விளையாட வந்த பையன்கள் ஓரமாக நின்றார்கள். நீ வந்தாய். உன் பின்னால் போலீஸ் வந்தது.

"ம்மா, எந்திரி. நீ இங்க உக்காரக் கூடாது" என்று குனிந்து காதருகில் சொன்னாய்.

"ஏன், நான் புக் பண்ணலையா?"

சந்திரா உன்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், டீச்சர் புள்ள தானே நீ? இதே எடத்துல சைக்கிள்லேந்து வுழுந்து கையப் புட்சிகினு அழுதுகினு கெடந்தியே, நான்தான் தூக்கினு போய் மூஞ்சி கழுவி வுட்டேன். இப்ப எங்கள எந்திரிச்சிப் போவ சொல்ற."

"அக்கா, ப்ளீஸ். உங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா இது லீகலா எங்க எடம்" என்றாய்.

"எப்போலேந்து?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி, "இந்த அம்மா யாரு சார்?" என்று உன்னைக் கேட்டார். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு, "ரிடயர்டு டீச்சர் சார். இந்த ஏரியா இல்ல" என்றாய்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் ஓய்வு பெற்றவள்தான். நம் வீடு சாந்தோமில்தான். இரண்டு பெண் போலீஸ்கள் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். நான் மறுக்கவில்லை. முட்டியில் வலி இருந்ததால் வேனில் ஏறக் கஷ்டப்பட்டேன். நீ அங்கேதான் நின்றிருந்தாய்.

அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை இறக்கி, எலுமிச்சைச் சோறு கொடுத்து, பொழுது சாய்ந்த பிறகு விட்டார்கள். உன் வரவேற்புக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று நீயும் ஷெரினும் அலைந்துகொண்டிருந்த வாரம் அது. "வடபயனி கோயில்ல நடந்த என் மச்சினன் கல்யாணத்துல கூட இப்டி ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சி சோறு போடல டீச்சர்" என்று சந்திரா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நந்தினி மட்டும் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததை நீயே எனக்குப் பெருமையாகச் சொன்னாய். "நந்தினிக்கு நம்ம டர்ஃப்லயே ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கேன்மா. மாசச் சம்பளம், யூனிஃபார்ம், எல்லாம்." அதைக் கேட்டதும் நான் சந்திரா வீட்டுக்கு ஓடினேன். அனுப்பாதே என்று கெஞ்சினேன். அடுத்த வருஷம் செலக்‌ஷன் இருக்கிறது என்றேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பென்ஷன் வாங்கிகினு பேசறீங்க டீச்சர். என் வூட்டுக்கு இன்னா வருது? ஆடிகினே இருந்தா யார் சோறு போடுவா?" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அந்தப் பதிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம். அதில் நீயும் ஒருவன்.

போன வாரம் நான் வலைக்கு வெளியே நின்று பார்த்தேன். நந்தினி பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பந்து ஒன்று கோட்டுக்கு வெளியே உருண்டு அவள் பக்கம் வந்தது. அவள் யோசிக்கவே இல்லை. இடது காலால் நிறுத்தி, ஒரே தட்டு. பந்து அந்தப் பக்கம் நின்றிருந்தவர் காலடியில் போய் அழகாக நின்றது. "சூப்பர்" என்று அவர் கைதட்டினார். கவுண்டரில் இருந்த உன் ஆள் எழுந்து வந்து, "கையால எடுத்துக் குடு. ஸ்டாஃப் விளையாடக் கூடாது" என்றான். அடுத்த பந்து வந்தபோது அவள் குனிந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். மற்ற பிள்ளைகளை நான் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். மீனவர்கள் இரண்டு படகை நகர்த்தி இடம் விட்டார்கள். பஸ் ஏறிப் போக வேண்டும் என்பதால் பாதிப் பேரின் வீட்டில் அனுப்புவதில்லை.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் அல்லவா. ஒன்று சொல்கிறேன். ஷெரின் ஒருநாள் குழந்தை பெற்று வேலையை விட்டு வீட்டில் இருக்கலாம். விடியலில் இருந்து அவள் செய்வது எதற்கும் ரசீது இருக்காது. யாராவது கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா" என்று உன் வாயில் வரும். வருமானம் வராத எதுவும் உன் கண்ணுக்குச் சும்மா கிடப்பதாகவே தெரியப் பழகிவிட்டது. அந்தக் கண்ணோடு ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்த முடியாது. அந்தக் கண்ணோடு ஒரு ஊரில் வாழவும் முடியாது.

புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருப்பதாக ஷெரின் சொன்னாள். அவளிடம் என் நன்றியைச் சொல். நான் வரவில்லை. அந்த வீடு எந்தப் பணத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் கல்யாணத்துக்கு வருவேன். கோயிலில் முன் வரிசையில் உட்காருவேன். உன் நெற்றியிலும் ஷெரின் நெற்றியிலும் சிலுவை வரைந்து மனதார ஆசீர்வதிப்பேன். பிள்ளை மேல் உள்ள பாசத்துக்கும் பிள்ளை செய்கிற காரியத்துக்கும் நான் முடிச்சுப் போடமாட்டேன். கல்யாணத்துக்கு அடுத்த வாரம், திடலைத் திருப்பிக் கேட்டு நாங்கள் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் வருகிறது. மனுதாரர்களில் முதல் பெயர் என்னுடையது. உன் கம்பெனி சார்பில் நீதான் வருவாய் என்று எங்கள் வக்கீல் சொன்னாள். அவள் என் பழைய மாணவி. காலையிலேயே சாப்பிட்டுவிட்டு வா. அங்கே எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, நாள் முழுக்க உட்காரவைப்பார்கள். நானும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

அம்மா